ஸ்விங்னா திஸ்ரமாம், பாளையங்கோட்டைப் பொண்ணு பிந்திப் பாடுதாளாம்!

ரெண்டும்நாலும்:
நம்ம ஊர்ப் பொண்ணு ஒருத்தி எட்டுப் பாட்டோட முதல் ஜாஸ் ஆல்பம் போட்டிருக்கா. பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ், குரல், அவ்வளவுதான். நேத்து தகிட_நெல்லை அண்ணாச்சி அதுக்குத் தீர்ப்பு எழுதியிருக்காரு: "ஸ்விங் என்பது நம்ம திஸ்ர நடைதான். அதைக்கூடப் பிடிக்கத் தெரியாமல் மூணாவது பாட்டில் 1:12-ல் இருந்து தாளத்துக்குப் பிந்திப் பாடுகிறார்." கீழ வரிசையாக் கைதட்டு வேற. அதுவும் ஒண்ணாவது அடியிலயும் மூணாவது அடியிலயும் தட்டுன கையாத்தான் இருக்கும். ஜாஸ்னா ரெண்டுலயும் நாலுலயும்லா தட்டணும்.

வே, அந்தப் பாட்டு நிமிஷத்துக்கு 120 பீட். ஒரு பீட் 500 மில்லி விநாடி. ஸ்விங்னா ஒவ்வொரு பீட்டையும் நெட்டை அடி, குட்டை அடின்னு ரெண்டா வாசிக்க ஜாஸ் நடை. திஸ்ரம்னா அதை மூணா வெட்டி, ரெண்டு பங்கு முன்னால, ஒரு பங்கு பின்னால: 333-க்கு 167. டிரம்ஸ்ல தாளத்தை ஓட்டுத பெரிய தட்டு, அதான் ரைடு சிம்பல், அதை மென்பொருள்ல பெருசாக்கிப் பாரும், 360-க்கு 140 பக்கத்துல நிக்கும். டிரம்மர் தப்பா அடிக்கலை, ஸ்விங்கே அப்படித்தான். மெதுவாப் போனா நெட்டை அடி இன்னும் நீளும். 200 வேகத்துல பீட் 300 ஆகும், 200-க்கு 100. அங்கதான் உம்ம திஸ்ரம் தற்செயலா வந்து குந்தும். 300 வேகத்துல 100-க்கு 100, சம நடை. குட்டை அடி 100-க்குக் கீழ லேசுல இறங்காது, நெட்டைதான் சுருங்கும். வேகத்தோட விகிதம் மாறுதது ஸ்விங். திஸ்ரம் மாறுமா?

தகிட_நெல்லை:
பாட்டுக் கேக்கதுக்கு இஞ்ச் டேப் எடுத்துட்டு வந்த முதல் ஆளு நீருதான். தவில்காரரு திஸ்ரம் வாசிக்கையில அளந்து பாத்தா மட்டும் 333 வருமாக்கும்? தகிட-வுல நடு கி-யை விழுங்கிட்டு "தா..ட தா..ட"ன்னு வாசிச்சாச் சோலி முடிஞ்சது, அதான் உம்ம ஸ்விங். வில்லுப்பாட்டுல உடுக்கையும் குடமும் காலங்காலமா இந்த நடையிலதான் ஓடுது.

அது கெடக்கட்டும். 1:12-ல பிந்துதா, இல்லையா?

பாளை_ஆல்ட்டோ:
பிந்துது. பிந்தணும்னுதான் பிந்துது. அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே 1930-கள்லேயே இப்படித்தான் பாடுனாங்க. வாத்தியம் நேராப் போகும், குரல் பின்னால சாஞ்சு வரும்.

வீசுகோல்:
அக்கா, அதுக்குத் தமிழ்ல பேரே இருக்கு. அனாகத எடுப்பு. தாளம் விழுந்த பொறகு பாட்டு எடுக்கது. இதுக்கு ஏன் இம்புட்டுச் சண்டை?

ரெண்டும்நாலும்:
வந்துட்டாரு அடுத்தவரு. அனாகதத்துக்குக் கணக்கு உண்டுல்லா? அரை இடம், முக்கால் இடம்னு தள்ளி எடுப்பாக. ஒவ்வொரு ஆவர்த்தனத்துலயும், அதாவது தாளச் சுத்துலயும், அதே இடம். மிருதங்கக்காரரும் அதே இடத்துக்குத்தான் தீர்மானம்னு முடிப்பு வச்சு வந்து சேருவாரு. இந்தப் பொண்ணு பாடுதது அப்படி இல்ல. 1:12-ல முதல் சொல்லு 90 மில்லி விநாடி பிந்தி வருது, ரெண்டாவது 140. வரி முடியுத சொல்லு டிரம்ஸோட ஒட்டி விழுது. அடுத்த சரணத்துல அதே வரி வேற மாதிரி வளையுது. எந்த இடம்னு யாரும் எழுதி வைக்க முடியாது.

நயினார்குளம்:
எல்லாரும் ப்ளூடூத்தை மாட்டிட்டுக் கேட்டா பிந்தத்தான் செய்யும். வயர் ஹெட்போன் போட்டுக் கேளுங்க.

ரெண்டும்நாலும்:
எப்பா ராசா, ப்ளூடூத் 200 மில்லி விநாடி பிந்துனாலும் டிரம்ஸும் சேந்துல்லா பிந்தும்!

வீசுகோல்:
அப்ப ஸ்டுடியோக் கோளாறா இருக்கலாம். வாத்தியத்தை முதல்ல எடுத்துட்டு, குரலைத் தனியா மேல ஏத்தியிருப்பாங்க. கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்க பஃபரைக் கூட்டி வச்சிருந்தா குரல் தள்ளித்தானே பதியும்.

ரெண்டும்நாலும்:
நல்ல கேள்வி, தப்பான இடத்துல. விநாடிக்கு 44,100 சாம்பிள் எடுக்க வேகத்துல பஃபர் 512 சாம்பிள் வச்சா ஏறக்குறைய 12 மில்லி விநாடி, 1024 வச்சா 23. போக வரச் சேத்தாலும் 50-க்குள்ளதான். அதைச் சரிக்கட்டாம விட்டா பாட்டு முழுக்க ஒரே அளவு தள்ளி நிக்கும், மூச்சு இழுக்கது முதக்கொண்டு. இங்க 90, 140, பூஜ்யம்னு வருது. மிஷினு ஒரே மாதிரிப் பிந்தும். மனுஷிதான் மாத்தி மாத்திப் பிந்துவா.

இன்னொண்ணு. அளக்கவங்க அலைவடிவத்துல "ஸ்" தொடங்குத இடத்துல கோடு போடுதீக. தப்பு. காது தாளமாக் கேக்கது உயிரெழுத்து தொறக்குத இடத்தை. மெய் அதுக்கு முன்னாலயே வந்துரும், ஸகரம்னா சொல்லவே வேண்டாம்.

தகிட_நெல்லை:
ஆக, பிந்துதுன்னு நீரே நம்பர் போட்டுக் குடுத்திட்டீரு. 90, 140. நன்றி. இதைத்தான் நானும் சொன்னேன்.

ரெண்டும்நாலும்:
ஓய், நீரு சொன்னது "பிடிக்கத் தெரியாமல்". அந்த வார்த்தையை எங்க ஒளிச்சு வச்சீரு?

பாலத்தடி:
ஒரு சந்தேகம். பிந்துததுன்னா எதுக்குப் பிந்துதது? ரைடு சிம்பலுக்கா, பேஸுக்கா, டிக் டிக்குன்னு அடி எண்ணுத மெட்ரனோமுக்கா? டபுள் பேஸே சில ஆளுக டிரம்ஸுக்கு முன்னால இழுப்பாங்க. அதை முதல்ல சொல்லிட்டு அடிச்சுக்கோங்க.

தகிட_நெல்லை:
தாளத்துக்குப் பிந்துதது. தாளம்னா தாளந்தான்.

சர்ச்சுல பாமாலை பாடி வளந்த குரலு, அதான் இந்த இழுவை. கோயில் பக்கம் நாலு நாள் நாதஸ்வரம் கேட்டிருந்தா நடை நின்னிருக்கும்.

பாளை_ஆல்ட்டோ:
இது தேவையில்லாத பேச்சு. பாமாலையில நாலு குரலும் ஒரே மெய்யெழுத்தை ஒரே நேரத்துல மூடணும். ஒரு ஆள் "த்"தை முன்ன பின்ன விட்டாலும் கோயில் முழுக்கக் கேக்கும். பிந்தாமப் பாடத்தான் பாடகர் குழுவுல முதல்ல பழக்குவாங்க. நேராப் பாடத் தெரிஞ்சவதான் வேணும்னு வளைப்பா. நாதஸ்வரத்துக்கு இதுல என்ன சோலி?

ரெண்டும்நாலும்:
அக்கா, அவரு இசைத்தூண் கோஷ்டி. தட்டுனா சுரம் பேசுத நெல்லையப்பர் கோயில் தூணை 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேத்து வச்சிருக்குன்னு போன வருஷம் இதே இடத்துல எழுதுனவரு. 440-ஐ மேற்கத்திய வாத்தியங்களுக்குப் பொதுச் சுருதியா வைக்கதே 1939-ல லண்டன்ல கூட்டம் போட்டு முடிவு பண்ணுனது.

தகிட_நெல்லை:
நான் 440-ன்னு எழுதலை. கிட்டத்தட்டன்னு எழுதுனேன். பழசைக் கிண்டாம 1:12-க்கு வாரும்.

வீசுகோல்:
எனக்கு என்ன தோணுதுன்னா, முதல் ஆல்பத்துல இம்புட்டு வளைக்க வேண்டாம். அமெரிக்க ஜாஸ் பாடகி சமாரா ஜாயோட முதல் ஆல்பம் 2021-ல வந்துதே, அதைக் கேளுங்க. பாஸ்குவாலே கிராஸோ கிட்டார், ஆரி ரோலண்ட் பேஸ், கென்னி வாஷிங்டன் டிரம்ஸ். பியானோவே கிடையாது. கிட்டார் விட்ட இடைவெளியில குரல் எங்க நிக்குதுன்னு பளிச்சுன்னு தெரியும். இங்க பியானோ இடது கை நிறைய வாசிக்குது, குரல் பிந்துனா ரெண்டும் மோதுது.

நயினார்குளம்:
முதல் ஆல்பம்னா நோரா ஜோன்ஸ்தான். 2002. அடுத்த வருஷமே அஞ்சு கிராமி. ரவிசங்கர் மகளாக்கும்.

ரெண்டும்நாலும்:
அது ஜாஸா? ஜாஸ் ரெக்கார்டுக்குப் பேர் போன ப்ளூ நோட் கம்பெனி போட்டா எல்லாம் ஜாஸ் ஆயிருமா? அல்வாக்கடைப் பையில மிக்சரைக் கட்டிக் குடுத்தா அது அல்வாவா?

நயினார்குளம்:
ஜாஸ் இல்லன்னா நீங்களே அஞ்சு கிராமி வாங்கிட்டு வாங்க, பாப்போம்.

பாளை_ஆல்ட்டோ:
இந்த ஆல்பத்துல உண்மையிலேயே கோளாறு இருக்கது ஆறாவது பாட்டுல. அது தமிழ்ப் பாட்டு, ஒருத்தரும் அதைத் தொடவே இல்ல. ஸ்விங்ல முதல் அடி நெட்டை. அதுல குறிலைத் தூக்கி வச்சிருக்காங்க. "மலை"ங்கது "மாலை"யாக் கேக்குது, "படம்" "பாடம்" ஆயிருது. இங்கிலீஷ் சொல்லுல உயிரை இழுத்தாப் பெரும்பாலும் அர்த்தம் தப்பிச்சுக்கும், தமிழ்ல போயிரும். நெட்டை அடியில நெடில் வரணும். இல்லன்னா குறிலுக்குப் பின்னால ஒத்து வச்சு எழுதணும், "பட்டு", "கல்லு" மாதிரி. நேரத்தை மெய் வாங்கிக்கும், குறில் குறிலாவே நிக்கும். பாட்டு எழுதுனவங்க இதைப் பாக்கலை. பாடுனவளும் பீட்டுக்கு முந்தியே "ம"வைப் போட்டுட்டு "லை"யை நெட்டை அடிக்குக் கொண்டு போயிருக்கலாம்.

தகிட_நெல்லை:
பாத்தீங்களா, தமிழுக்கே ஒத்து வரலை. திஸ்ரத்துல பாடியிருந்தா இந்தத் தொல்லை உண்டுமா?

பாளை_ஆல்ட்டோ:
திஸ்ரத்துலயும் ரெண்டு பங்கு குறில் மேல விழுந்தா இதே கதைதான்! நான் சொல்லுதது வேற.

ரெண்டும்நாலும்:
ஆறாவது பாட்டை அப்புறம் பாப்போம் அக்கா. இவருக்கு ஒரு சோதனை வைக்கேன். ஸ்விங் தெரியும்னா, மெட்ரனோமை 60-ல வையும். விழுத ஒவ்வொரு அடியையும் ரெண்டு, நாலுன்னு எடுத்துக்கிடும். ஒண்ணும் மூணும் உம்ம மனசுக்குள்ளதான் ஓடணும். அப்ப பாட்டு 120-ல ஓடும், டிரம்மர் காலால மிதிக்க ஜோடித் தட்டு, அதான் ஹை-ஹாட், அது விழுத இடமும் அதான். அது மேல மூணாவது பாட்டைப் பாடும். எட்டு வரியில மெட்ரனோம் ஒண்ணாவது அடிக்குத் திரும்பிரும், அதாவது நீரு திரும்பிருவீரு. அந்தப் பொண்ணு 90, 140-ன்னு தள்ளிப் பாடியும் வரி முடிவுல டிரம்ஸ் மேல வந்து உக்காருதான்னா, உள்ளுக்குள்ள தாளம் ஆடாம நிக்குதுன்னு அர்த்தம். நேராப் பாடுத இடத்தைப் பாக்கணும்னா 0:20-ல இருந்து முதல் சரணம் கேளும். அங்க 20-க்கு மேல தள்ளவே இல்ல.

அடுத்து, உம்ம ஆளுக ஸ்டுடியோவுல ஸ்விங்னு சொல்லி என்ன செய்யுதாங்கன்னா, மென்பொருள்ல 66 சதவீதம்னு போட்டு எல்லா அடியையும் கட்டத்துல ஒட்டிருதாங்க. 50 போட்டாச் சம நடை, 75 போட்டா மூணுக்கு ஒண்ணு, 66 அசல் திஸ்ரம். ஒட்டுன பொறகு கேட்டா மண்டபத்துக் கீபோர்டு ரிதந்தான் வரும். ஏன்னா குரல், பேஸ், ரைடு மூணும் ஒரே கோட்டுல விழுந்துருது, சாய எடம் இல்ல. முதல் அடியில லேசா விலகி, குட்டை அடியில சேந்தாத்தான் அந்த ஆட்டம் வரும்.

வீசுகோல்:
மண்டபத்துக் கீபோர்டை இழுக்காதீங்க அண்ணாச்சி. அதுல வாசிக்கவங்களும் தொழில்காரங்கதான். ஆட்டம் வேணும்னா கணியான் கூத்துல மகுடம்ங்க தோல் வாத்தியத்தைக் கேளுங்க. உச்சம் ஒரு ஆள், மந்தம் ஒரு ஆள். ரெண்டும் ஒரே கோட்டுல விழாது, அதான் காலைத் தூக்குது.

தகிட_நெல்லை:
மகுடத்துல திஸ்ரந்தான்.

வீசுகோல்:
எந்த இடத்துல? கும்பத்துக்கு அடிக்கையிலயா, கதை சொல்லையிலயா? ரெண்டும் வேற நடை. மகுடத்தைத் தீயில காட்டிக் காய வச்சாத்தான் உச்சம் உச்சமாப் பேசும், ஈரம் ஏறுனா ரெண்டும் மந்தமாயிரும். அது தெரிஞ்சுக்கிட்டுப் பேசுங்க.

தகிட_நெல்லை:
எனக்கு மகுடம் சொல்லித்தர நீங்க யாரு? தோலைப் பத்திப் பேச வேற இடம் இருக்கு.

ரெண்டும்நாலும்:
60-ல மெட்ரனோம் வச்சுப் பாத்தீரா, இல்லையா?

தகிட_நெல்லை:
1:12. பிந்துது.