மறுமொழி: வெண்வால் மான் கட்டுரை – 'வெல்வெட்'டுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம்.

வளரும் மான் கொம்பைப் போர்த்தியிருக்கும் தோலை ஆங்கிலத்தில் 'வெல்வெட்' என்கிறார்கள். நம் கட்டுரையில் அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகளில் 'மென்பட்டு' எனக்குச் சரியாகப் படவில்லை. தொட்டால் எப்படி இருக்கும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

வட அமெரிக்காவில் வெண்வால் ஆண் மானுக்கு வசந்தத்தில் கொம்பு முளைக்கும். வளரும் நுனி குருத்தெலும்புதான். மேலே குறுமயிர் அடர்ந்த தோல், அதில் ரத்தக்குழாயும் நரம்பும். தொட்டால் சூடு தெரியும், அடிபட்டால் ரத்தம் வரும், சில சமயம் கொம்பே கோணிப்போகும். கோடை முடிவில் பகல் குறுகக் குறுக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. கொம்பு முழுக்க எலும்பாகி இறுகுகிறது, ரத்த ஓட்டம் நின்று தோல் காய்கிறது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் மான் அதை இளமரங்களில் தேய்த்து உரிக்கும். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். நார் நாராக ரத்தத்தோடு தொங்குவதைச் சில மான்கள் தின்றுவிடுவதும் உண்டு. இதைப் போய்ப் பட்டு என்பதா?

'கொம்புறை'யும் வேண்டாம். ஆடு, மாடு, அவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த வெளிமானுக்கெல்லாம் எலும்பின் மேல் கெரட்டின் (நகத்தில் உள்ள அதே பொருள்) உறை இருக்கிறதே, அந்தச் சொல் அதற்குத் தேவைப்படும்.

என் பரிந்துரை 'கொம்புத்தோல்'. இதில் இன்னொரு வசதியும் உண்டு. தோல் கழல்வதற்கும் கொம்பு விழுவதற்கும் ஆங்கிலத்தில் 'shed' என்ற ஒரே வினைதான். அதனால்தான் நம் வரைவில் 'செப்டம்பரில் கொம்பு உதிரும்' என்று வந்திருக்கிறது. உண்மையில் கொம்பு விழுவது குளிர்காலத்தில், பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில். அப்போது ஹார்மோன் இறங்கி, மண்டையோட்டு மேட்டோடு கொம்பு சேரும் இடத்தில் எலும்பு கரைகிறது. தோல் உரியும், கொம்பு உதிரும் என்று எழுதிவிட்டால் குழப்பமே வராது.

'வெல்வெட் என்றே விடலாமே' என்ற ஐயாவுக்கு: முதுமலையில் புள்ளிமானைப் பற்றி எழுதும்போதும் இதே சொல் வேண்டும். அங்கே கொம்புத்தோலோடு ஒன்றும், உரித்து முடித்த இன்னொன்றும் ஒரே மந்தையில் மேயும். அதனால் வரையறையில் மாதத்தைச் சேர்க்காமல் இப்படி வைக்கலாம்:

கொம்புத்தோல்: மான்களின் வளரும் கொம்பைப் போர்த்தி, அதற்கு ரத்தம் கொண்டு சேர்க்கும் மயிரடர்ந்த தோல், கொம்பு எலும்பாக இறுகியபின் உரிந்துவிடும்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அப்புறம் அகராதியில் ஏற்றலாம்.