மறுமொழி: 'ஐடி ரியாக்‌ஷன்' – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'படர் எதிர்வினை' எளிமையாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே?

வணக்கம் ஐயா. எளிமைதான், ஆனால் எனக்கு ஒப்பவில்லை.

'ஐடி ரியாக்‌ஷன்' என்கிற இந்தத் தோல் எதிர்வினை பெரும்பாலும் எதைத் தொடர்ந்து வருகிறது என்று பாருங்கள். குழந்தையின் தலையில் படர்தாமரை, அல்லது கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண். இரண்டும் சாதாரணப் பூஞ்சைத் தொற்றுகள். அப்புறம் திடீரென்று காதோரம், முகம், மார்பு, கை என்று தொற்றே இல்லாத இடங்களில் அரிக்கும் சிறு பொரிகள் கிளம்பும். அங்கே சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இருக்காது. தலையிலுள்ள பூஞ்சைமேல் நோயெதிர்ப்பு ஆற்றலுக்கு வந்த கோபம் வேறிடத்தில் வெடிக்கிறது. இதற்குப் போய் 'படர்' என்று பெயர் வைத்தால், படர்தாமரை உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றுதான் பெற்ற தாய் நினைப்பார்.

'ஒவ்வாமை'யும் வேண்டாம் என்பேன். பூஞ்சையை ஒழிக்கக் கொடுக்கும் கிரிசியோஃபல்வின் மருந்தைத் தொடங்கிய சில நாளில்தான் பல நேரம் இது தலைகாட்டும். உடனே "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். மருத்துவர் பார்த்து இதுதான் என்று உறுதிசெய்துவிட்டால் நிறுத்தத் தேவையில்லை. தலையில் பூஞ்சை ஒழிந்தால்தான் இதுவும் அடங்கும்.

முதலில் 'சேய்மைத் தடிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். நான் எழுதுவது குழந்தைநலக் கட்டுரை; அதில் 'சேய்' கண்ணில் பட்டால் குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்று படித்துவிடுவார்கள். கைவிட்டேன். 'ஐடி' என்றே விடலாம் என்றால், நம் ஊரில் அது அடையாள அட்டை, இல்லாவிட்டால் மென்பொருள் வேலை!

இப்போது மனத்தில் நிற்பது 'எதிரொலித் தடிப்பு'. கத்துவது ஓரிடம், கேட்பது வேறிடம்; கத்தல் ஓய்ந்தால் எதிரொலியும் ஓயும். இன்னொரு வசதியும் உண்டு. ஆங்கில மூலத்தில் 'ஐடி' (-id) ஒரு பின்னொட்டு. டெர்மட்டோஃபைட்டிட், டியூபர்குலிட் என்று எந்தக் கிருமியோடும் ஒட்டிக்கொள்ளும். நமக்கும் பூஞ்சை எதிரொலித் தடிப்பு, காசநோய் எதிரொலித் தடிப்பு என்று சிரமமில்லாமல் வருகிறது.

-----

> இப்போது மனத்தில் நிற்பது 'எதிரொலித் தடிப்பு'.

'எதிரொலி' சரி, ஏற்கிறேன். 'தடிப்பு'தான் இடறுகிறது. எங்கள் பக்கம் தடிப்பு என்றால் காணாக்கடி மாதிரி திட்டுத் திட்டாக வீங்குவது. நீங்களே மேலே 'பொரி' என்றுதானே எழுதினீர்கள்? 'எதிரொலிப் பொரி' என்றால் என்ன?

-----

யோசித்தேன் ஐயா. வீட்டில் சொல்லிப் பார்த்ததில், கடலையும் சேர்த்து வாங்கி வரவா என்று கேட்கிறார்கள். 'எதிரொலிக் கொப்புளம்' என்றால் நீர் கோக்காத பொரிகள் விட்டுப்போகும். வேறு யாராவது சொல்லுங்கள். அதுவரை கட்டுரையில் 'தடிப்பு' என்றே போட்டு வைக்கிறேன்.