அரங்கேற்றம் முடிச்சாச்சு, இனி தற்கால நடனமா?

மழைக்குருவி:
15 வருஷப் பரதம். இப்போ தற்கால நடனத்துல முழுநேரமா இறங்க எண்ணம். பரதத்தை மறந்தாத்தான் உடம்பு வளையும்னு சிலர் சொல்றாங்க, உண்மையா? அப்புறம், சிங்கப்பூர்ல இது சோறு போடுமா?

தட்டிமெட்டு:
மறக்க வேண்டாம், முட்டியை மட்டும் பாருங்க. அரைமண்டியில (முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உட்காரும் நிலை) உட்கார்ந்து கீழே குனிஞ்சு பார்த்தா முட்டி இரண்டாவது கால்விரலுக்கு நேரா இருக்கணும். உள்ளே சரிஞ்சா, காலின் வெளித்திருப்பம் இடுப்பு மூட்டுல இருந்து வரலை, பாதத்தை மட்டும் திருப்பிச் சமாளிக்கிறீங்கன்னு அர்த்தம். தற்கால நடனத்துக்காகத் தரையில உருள ஆரம்பிச்சா அது வலியா வெளியே வரலாம். பாதத்தின் கோணத்தைக் குறைச்சு மறுபடி பழகுங்க.

கீழே இறங்கும்போது முட்டிச்சில்லை ஊன்றக்கூடாது. காலின் வெளிப்பக்கம், தொடை, பிட்டச் சதை, அப்புறம் தோளின் பின்பக்கம், இதுதான் வரிசை. மூச்சை விட்டுக்கிட்டே இறங்கணும். நம்ம ஆட்கள் நெஞ்சை நிமிர்த்தி மூச்சைப் பிடிச்சே பழகினவங்க, அதனால 'டொப்'புன்னு விழுவாங்க. சத்தம் கேட்டா எங்கேயோ எலும்பு இடிச்சிருக்குன்னு வச்சுக்கோங்க.

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு டைல்ஸ் தரை பரதம், தற்கால நடனம் ரெண்டுக்கும் ஆகாது. சிமெண்ட் மேல வினைல் விரிச்ச இடமும் அப்படித்தான்: வழுக்காது, ஆனா அதிர்ச்சியை வாங்காது. அடியில இடைவெளி விட்ட மரத்தரையாப் பார்த்து ஸ்டூடியோ எடுங்க.

கிளமென்டி_காளி:
சோறு விஷயம். T.H.E நடனக் குழு மாதிரி முழுநேரக் குழுக்கள்ல இடம் ரொம்பக் குறைவு. பெரும்பாலானவங்க தனித்தொழில்தான்: பள்ளி இணைப்பாட வகுப்பு, சமூக மன்ற வகுப்பு, நடுவுல மேடை. ஒப்பந்தத்துல மேடைக் கட்டணத்தை மட்டும் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. ஒரு நிகழ்ச்சிக்கு 60 மணிநேர ஒத்திகைன்னா, மொத்தத்தை அந்த 60-ஆல் வகுங்க. அங்கேதான் பலருக்குக் கண் திறக்கும். ரத்தானா எவ்வளவு, வீடியோ பதிவை எங்கெல்லாம் போடுவாங்க, இதையும் எழுத்துல வாங்குங்க.

தனித்தொழில் செய்யறவங்களுக்கு வேலையிடக் காயத்துக்கான சட்ட இழப்பீடு கிடையாது. தனிநபர் விபத்துக் காப்புறுதி வாங்கும்போது நடனம் விலக்குப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. வருஷ நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினா மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டணும். சொந்தப் படைப்புக்குத் தேசியக் கலைகள் மன்ற மானியத்துக்கு எழுதும்போது, 'பாரம்பரியமும் நவீனமும் சங்கமிக்கும்'னு மட்டும் எழுதாதீங்க தாயே.

தட்டிமெட்டு:
கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. 😀 சங்கமத்தை விடுங்க, சென்னை நடன அமைப்பாளர் சந்திரலேகாவைப் பாருங்க. 1985-ல 'அங்கிகா'ங்கிற படைப்புல பரதம், களரி, யோகம் மூணையும் எடுத்தாங்க. அலங்காரம், நாயகி, சாமி எல்லாத்தையும் கழிச்சா உடம்பு என்ன சொல்லுதுங்கிறதுதான் அவங்க கேள்வி. உங்க கேள்வி வேறயா இருக்கலாம், ஆனா அந்த அளவுக்குக் கூர்மையா இருக்கணும்.

பயிற்சிக்கு ஒரு நாட்டடவு (பரதத்தின் அடிப்படை அசைவு வகைகள்ல ஒண்ணு) எடுங்க. சொற்கட்டும் தாளமும் அப்படியே, கையை மட்டும் கழிங்க. அடுத்த நாள் கை உண்டு, ஆனா தரையில படுத்தபடி. அப்புறம் ஏழு எண்ணிக்கையில. எதைக் கழிச்சதும் 'இது என் ஆட்டம் இல்லை'ன்னு தோணுதோ, அங்கே நின்னு ரெண்டு வாரம் வேலை பாருங்க.

மழைக்குருவி:
நன்றி. தேர்வுக்கு அனுப்பற வீடியோ?

கிளமென்டி_காளி:
அவங்க வேற நீளம் கேட்காட்டி 2 நிமிஷம். ஒரே ஷாட், வெட்டு ஒட்டு இல்லாம, பாதம் ஃபிரேமுக்குள்ள. சலங்கையும் மேக்கப்பும் வேண்டாம்.