புதுப்பிப்பு: ஸ்டேஜ் 1 டியூனுக்கு 95 போதுமா?

டர்போ காரில் ஸ்டேஜ் 1 டியூன் (பாகங்களை மாற்றாமல் இன்ஜின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிப் பவரைக் கூட்டுவது) போட்டால் 95 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) பெட்ரோல் போதுமா என்ற என் முந்தைய பதிவின் தொடர்ச்சி. அமெரிக்க மேப்பில் (டியூன் கோப்பில்) உள்ள ‘93’ என்பது ஏகேஐ என்ற அமெரிக்க ஆக்டேன் அளவு, அதாவது ரான், மான் என்ற இரு சோதனை முறைகளின் ஆக்டேன் எண்களின் சராசரி. நம் பங்க்குகளின் ரான் கணக்கில் அது சுமார் 98. அதனால் அந்த மேப்புக்கு இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி95 போதாது, 100 ஆக்டேனான எக்ஸ்பி100 போடுங்கள். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 97.5 வரும், அவசரத்துக்குச் சரி.

பெட்ரோலை மாற்றியதும் லாக் (ஓடும்போது இன்ஜின் தரவைப் பதிவு செய்வது) எடுத்தே ஆக வேண்டும். டேங்க் கிட்டத்தட்ட காலியானதும் நிரப்பி, கொஞ்சம் ஓட்டிவிட்டு, பாதுகாப்பான இடத்தில் மூன்றாம் கியரில் 2,500 முதல் 6,000 ஆர்பிஎம் வரை முழுதாக மிதித்து, சிலிண்டர்வாரியாக டைமிங் ரிடார்டை (நாக்கிங்கைத் தவிர்க்க இன்ஜின் கணினி ஸ்பார்க்கை எவ்வளவு தாமதப்படுத்துகிறது என்பதை) பாருங்கள். ஒரே சிலிண்டர் மட்டும் தனித்துப் பின்வாங்கினால் பெட்ரோலைச் சந்தேகிக்கும் முன் பிளக், இன்ஜெக்டரைப் பாருங்கள். எல்லாமே சேர்ந்து பின்வாங்கினால் ஆக்டேன் குறைவு, அல்லது இன்டேக் காற்றின் சூடு.