ஒரே கொத்தில் இரண்டு விதப் புல்லுருவி: அமிர்திக் காட்டில் பார்த்தது, உதவி தேவை

அமிர்திக்காரன்:
வேலூரிலிருந்து அமிர்தி போகும் வழியில், காட்டோர வேம்பு ஒன்றில் பெரிய புல்லுருவிக் கொத்து. தடித்த அகன்ற இலை, செம்மஞ்சள் குழல் பூ. அதே கொத்தின் நடுவில் சிறிய இலைகளோடு பச்சைக் குச்சிகள். பூ கண்ணில் படவில்லை, மிளகளவு உருண்டைப் பழம் மட்டும். இது அதன் இளங்கிளையா, வேறு இனமா? கைப்பேசிப் படத்தில் எல்லாம் பச்சையாகவே தெரிகிறது.

மாந்தோப்பு:
கொழுந்துதான் தம்பி. குடியாத்தத்தில் எங்கள் மாமரங்களில் இதை வெட்டியே கை தேய்ந்துவிட்டது. ஒரே செடியில் இலை பத்து விதமாக வரும்.

மலைநடை:
இலை பல விதமாக வரும் என்பது சரி அண்ணா, அதனால்தான் இலையை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆனால் கொழுந்தில் பழம் பழுக்குமா? குழல் பூ உள்ளது டென்ட்ரோப்தே என்ற புல்லுருவிப் பேரினமாக இருக்கலாம். இதழ் மடல்களை எண்ணுங்கள். ஐந்து என்றால் அதுதான். நான்காக இருந்து கொழுந்தில் துருநிற முடியும் இருந்தால் டாக்சில்லஸ் என்ற இன்னொரு புல்லுருவிப் பேரினத்தின் பக்கம் போக வேண்டும். டென்ட்ரோப்தே பழத்தின் நுனியில் சிறு கிண்ணம் போன்ற விளிம்பு நிற்கும். சிறியது விஸ்கம் என்ற வேறொரு புல்லுருவிப் பேரினமாக இருக்கும் என்பது என் ஊகம். அதன் பூ சில மில்லிமீட்டர்தான், உங்கள் கண்ணுக்குத் தப்பியதில் வியப்பில்லை. சிறியது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தீர்களா? மரத்திலா, பெரியதிலா?

அமிர்திக்காரன்:
இன்று இருநோக்கியோடு போனேன். மடல்கள் ஐந்து. பெரியதன் வேர் வேப்பம்பட்டை மேல் கயிறு போல ஓடி, இடையிடையே உள்ளே இறங்குகிறது. சிறியதற்கு அப்படி ஓடும் வேரே இல்லை. அது மரத்தைத் தொடவும் இல்லை. பெரிய புல்லுருவியின் தண்டில் ஒரே இடத்தில் புடைத்து நிற்கிறது!

மலைநடை:
அப்படியானால் ஐயமே வேண்டாம், திருடன் வீட்டிலேயே திருடன். சில விஸ்கம் இனங்கள் புல்லுருவி மேலேயே வளரும். பூக்கொத்திக் குருவி ஒரு பழத்தைத் தின்றுவிட்டு அடுத்த பழத்துக்கு இங்கேதான் வந்து உட்காரும். பசை ஒட்டிய விதையை அது எங்கே கழிக்கும் என்று நினைக்கிறீர்கள்? இனப்பெயர் வேண்டுமானால் காய் எத்தனை சேர்ந்து, எந்தக் கணுவில் நிற்கிறது என்று நெருங்கிப் படமெடுங்கள்.

மாந்தோப்பு:
சரி, தோற்றேன். என் மரத்திலும் அந்த இரண்டாம் திருடன் இருக்கிறானா என்று காலையில் ஏறிப் பார்க்கிறேன். இருந்தால் அவனை மட்டும் வெட்டாமல் விடலாமா?