520 சதுர அடி வாடகை வீட்டில் கடல்: மீன் ஓட்டல் மாதிரி ஆகாமல் செய்ய முடியுமா?

முத்துநகர்க்காரி
வேளச்சேரியில் மூன்றாவது மாடி, ஒரு பெட்ரூம், மொத்தம் 520 சதுர அடி. ஹாலில் இருப்பது ஒரே ஜன்னல், திறந்தால் பக்கத்து அபார்ட்மெண்டின் ஏசி பெட்டி முகத்தில் அனல் அடிக்கும். நான் வளர்ந்தது தூத்துக்குடியில், மொட்டை மாடியில் நின்றால் தோணி போவது தெரியும், அதனால்தானோ என்னவோ இந்த வீட்டுக்குள் கொஞ்சம் கடலைக் கொண்டுவந்தே தீருவேன் என்று ஒரு பிடிவாதம். ஆன்லைனில் ஒரு மரச் சுக்கான் சக்கரம் (இரண்டடி விட்டம்), நங்கூரம் போட்ட கொக்கிகள் நாலு, கலர் கலராகக் கப்பல் கொடித் தோரணம் ஒன்று, எல்லாம் வாங்கி மாட்டியாயிற்று. போன வாரம் அம்மா வந்தாள். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன்டி, வஞ்சிரம் வறுவல் எப்ப வரும்?" என்றாள்.

சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஒரு சுவருக்கு மட்டும் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், காலி செய்யும்போது வெள்ளை அடித்துத் தர வேண்டும் என்று ஓனர் சொல்லியிருக்கிறார். கையில் பதினைந்தாயிரம் இருக்கிறது. என்ன செய்யலாம்? இப்போது இருக்கும் கோலத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

சுண்ணாம்பு_வாளி
சிரிக்கவில்லை, நானும் பட்டவன்தான். பெட்ரூமின் நாலு சுவருக்கும் கருநீலம் அடித்துவிட்டு ஒரு வருஷம் பகல் பன்னிரண்டு மணிக்கு ட்யூப் லைட் போட்டுக்கொண்டு சட்டை தேடியிருக்கிறேன். உங்களுக்கு வெளிச்சமே ஒரு ஜன்னல்தான். அதனால் நீலத்தை ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் அடிக்காதீர்கள், உள்ளே வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடும். ஜன்னல் இருக்கிற சுவருக்கே அடியுங்கள், அதுவும் இடுப்பு உயரம் வரைக்கும் போதும். மீதி எல்லாம் வெள்ளை. நீலம் வேண்டுமென்றால் திரைச்சீலையில், தலையணை உறையில் வரட்டும், காலி செய்யும்போது மடித்து எடுத்துக்கொண்டு போகலாம்.

மூன்றாம்_இன்ஜினியர்
கப்பலில் பதினொரு வருஷமாக வேலை. ஒரு விஷயம் சொன்னால் ஏமாற்றமாக இருக்கும்: எங்கள் கேபினில் நீலமும் கிடையாது, நங்கூரப் படமும் கிடையாது. க்ரீம் கலர் லேமினேட் சுவர், அவ்வளவுதான். நான் போன டேங்கர்களில் டெக் பச்சை, இல்லையென்றால் செங்காவி. ஆனால் உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கேபினைத்தான். கட்டிலுக்கு அடியில் முழுக்க இழுப்பறை, ஒவ்வொன்றுக்கும் தாழ், கப்பல் ஆடும்போது தானாகத் திறந்துகொள்ளாது. புத்தகத் தட்டின் விளிம்பில் ஓர் அங்குல உயரத்துக்குக் கட்டை. நாற்காலிக்குக் கீழே ஒரு சின்னச் சங்கிலி, காற்று பலமானால் தரையில் இருக்கிற வளையத்தில் மாட்டிவிடுவோம். உங்களுக்குச் சங்கிலி வேண்டாம், ஆனால் அந்தக் கட்டை வைத்த தட்டும் பித்தளைத் தாழும் போட்டுப் பாருங்கள், வீட்டில் இடமும் மிச்சமாகும், சக்கரம் மாட்டாமலே கப்பல் வாசனை வரும்.

அப்புறம் அந்தக் கொடிகள். அது வெறும் அலங்காரம் இல்லை, ஒவ்வொன்றும் ஓர் எழுத்து, தனியாகக் கட்டினால் ஒரு செய்தி. உங்கள் படத்தில் இடமிருந்து மூன்றாவது, குறுக்கே சிவப்பும் மஞ்சளும், அதற்கு "ஆள் கடலில் விழுந்துவிட்டார்" என்று அர்த்தம். மூன்றாவது மாடி பால்கனியில் தயவுசெய்து தொங்கவிடாதீர்கள். நீலத்துக்கு நடுவில் வெள்ளைச் சதுரம் இருக்கிறதே, அதைத் துறைமுகத்தில் ஏற்றினால் "கப்பல் கிளம்பப் போகிறது, எல்லாரும் ஏறுங்கள்" என்று பொருள். அதை மட்டும் கழற்றி வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே மாட்டுங்கள். மற்றதைப் பெட்டியில் போடுங்கள்.

சுவருக்குப் படம் வேண்டுமென்றால் கடல் சார்ட்டைப் (கப்பல் ஓட்டுவதற்கான, ஆழம் குறித்த கடல் வரைபடம்) போல ஒன்று இல்லை. டேராடூனில் இருக்கிற நேஷனல் ஹைட்ரோகிராஃபிக் ஆஃபீஸ் அச்சிடுவது. இப்போது பெரும்பாலும் எல்லாம் திரையில்தான் என்பதால் பழைய தாள்கள் சும்மா கிடக்கும், கப்பலில் வேலை பார்க்கிற யாரையாவது கேளுங்கள். உங்கள் ஊர்ப்பக்கத்துச் சார்ட் கிடைத்தால் ஆழ எண்களைப் படித்துக்கொண்டே மணிக்கணக்கில் நிற்கலாம்.

ராயபுரம்_வாசி
யாராவது வந்து வலை மாட்டச் சொல்லுவார்கள், அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டில் பழைய தங்கூசி (நைலான் நரம்பு) வலை வாங்கி சோபாவுக்கு மேலே கட்டினேன். இரண்டு நாள் சோப்புத் தண்ணீர், மூன்று நாள் மாடி வெயில், முடிச்சு முடிச்சாகச் செதிலைப் பிய்த்தெடுத்தேன், வாடை போயே போய்விட்டது என்று நினைத்தேன். ஐப்பசி மழையில் காற்றில் ஈரம் ஏறியதும் வீடு முழுக்கக் கருவாடு! போதாக்குறைக்கு ஒரு பல்லி வேறு சிக்கிக்கொண்டது. வலை ஆசை இருந்தால் புதுசு, ஒரு முழம், பழக்கூடைக்கு மேலே போட்டு வையுங்கள். மிதவைகள் பரவாயில்லை, கழுவினால் சுத்தமாகிவிடும், நாலைந்தைக் கயிற்றில் கோத்துத் திரைச்சீலையை ஒதுக்கிக் கட்டலாம்.

இன்னொன்று, பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல்குதிரை இதெல்லாம் யார் "அலங்காரத்துக்கு" என்று விற்றாலும் தொடாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருப்பவை, புலிக்குப் பக்கத்தில். வீட்டில் வைத்திருந்தாலே வம்பு.

கொண்டல்
ஒரே ஒரு யோசனை. திசைகாட்டிப் படம் மாட்டுவதாக இருந்தால் ஆங்கில எழுத்து போட்டதை வாங்காதீர்கள், நீங்களே ஒரு பலகையில் வரையுங்கள். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை. எங்கள் கடற்கரையில் தெற்குக் காற்றைச் சோழகம் என்போம், மேற்குக் காற்றைக் கச்சான் என்போம். உங்கள் அப்பா தாத்தா என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டு அதையே எழுதுங்கள்.

முத்துநகர்க்காரி
எல்லாருக்கும் நன்றி. இன்று காலையிலேயே தோரணத்தைக் கழற்றிவிட்டேன், நீலக் கொடி வாசலுக்குப் போய்விட்டது. காலையில் வீட்டுக்காரர் ஆபீஸ் கிளம்பும்போது அதைக் காட்டி "எல்லாரும் ஏறுங்க" என்றேன், ஒன்றும் புரியாமல் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு போனார். கார்பென்டர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார், கட்டிலுக்கடியில் நாலு இழுப்பறை, ஹாலில் கட்டை வைத்த தட்டு ஒன்று, பதினொன்றாயிரம் கேட்கிறார். தட்டைத் தரையில் நிற்கிற மாதிரி செய்யச் சொல்லியிருக்கிறேன், ஆணி தேவையில்லை. காற்றுப் பெயர் கேட்க அம்மாவுக்குப் போன் போட்டேன், முக்கால் மணி நேரம் பேசினாள், சோழகம்தான்.

சக்கரத்தை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ராயபுரம்_வாசி
பாதி விலைக்குத் தருவீர்களா? தங்கச்சி வீட்டுக்காரர் மீன் ஓட்டல்தான் வைத்திருக்கிறார்.