பழைய ஜீப்பில் ஏசியைக் கழற்றணும், வழி சொல்லுங்க அண்ணாச்சிமாரே

களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்துக்கு ஓடுகிற பழைய டீசல் ஃபோர் வீல் ஜீப். முன்னால் வைத்திருந்தவர் வெளியே கொடுத்து மாட்டிய ஏசி. இப்போது கம்ப்ரஸர் இறுகிவிட்டது, அதன் கிளட்ச் பேரிங் கரகரவென்று கத்துகிறது. புதுசு மாட்டும் எண்ணமில்லை. கண்ணாடியே ஒழுங்காக ஏறாத வண்டிக்கு ஏசி எதற்கு? ரேடியேட்டரை மறைத்து நிற்கும், ஏசியின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரில் செம்மண் அப்பிக் கிடக்கிறது. அது போனாலே மாஞ்சோலை ஏற்றத்தில் ரேடியேட்டருக்குக் கொஞ்சம் காற்று கிடைக்கும்.

சிக்கல் பெல்ட்டில்தான். கிராங்க் புல்லி, கம்ப்ரஸர், ஆல்டர்னேட்டர் மூன்றையும் ஒரே பெல்ட் சுற்றுகிறது. கம்ப்ரஸரை எடுத்தால் சின்ன பெல்ட் போதுமா, அந்த இடத்தில் ஐட்லர் புல்லி (பெல்ட்டைத் தாங்கச் சும்மா சுழலும் சக்கரம்) வைக்கணுமா? கயிற்றைச் சுற்றி அளந்து பெல்ட் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஏசி லைனில் இன்னும் குளிரூட்டும் ஆர்-134ஏ கேஸ் இருக்கிறது. நட்டைத் தளர்த்தி புஸ்ஸென்று விட்டுவிடலாம் என்கிறார் தெரிந்த மெக்கானிக். எனக்கு மனசில்லை. கையில் பட்டால் தோல் உறைந்து புண்ணாகும். கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடித்துவைக்கிற கேஸ் வேறு. கேஸை வெளியே விடாமல் உறிஞ்சி எடுக்கிற ரெகவரி மெஷின் உள்ள ஏசி கடை நெல்லை வண்ணார்பேட்டை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கூலிங் காயிலை எடுத்தால் ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தகடு) பைப் போன ஓட்டைகள் மிஞ்சும். ரப்பர் அடைப்பு போதுமா, தகரம் வைத்து ரிவெட் அடிக்கணுமா? தோட்டத்து எலி ரப்பரை விட்டுவைக்காது. கழற்றிய பிராக்கெட் யாருக்காவது வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம்.